சக்கரம் இல்லாத ரதமும், பேர் இல்லாத சக்கரமும்

மகாபலிபுரம் போயிட்டு வந்த எல்லார்கிட்டயும் ஐந்து ரதம் முன்னாடி நின்னு எடுத்த போட்டோ ஒண்ணாவது இருக்கும். கல் யானைக்குப் பக்கத்துல ஒண்ணு, சிங்கத்துக்குப் பக்கத்துல ஒண்ணு. அந்த போட்டோவை எடுத்து இன்னொரு தடவை உத்துப் பாருங்க. ரதம் ரதம்னு சொல்றோமே, சக்கரம் எங்கங்க?

கிடையாது. அஞ்சுல ஒண்ணுக்குக் கூட கிடையாது. :-)

7ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையைக் குடைந்து செய்தவை அவை. ரதம் என்பதும், தருமராஜா, பீமன், அர்ச்சுனன் என்பதும் பின்னால் வந்த ஜனங்கள் வைத்த பெயர்கள். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு கோயிலின் மாதிரி. அதுவும் எந்தக் கோயில்? மரத்தாலும் செங்கல்லாலும் ஓலையாலும் கட்டிக்கொண்டிருந்த கோயில். திரௌபதி ரதத்தின் கூரை அப்படியே ஒரு ஓலைக் குடிசை. பீம ரதம் சுமார் 42 அடி நீளம். அதன் கூரையைப் பாருங்க, நம்ம கூண்டு வண்டியின் கூண்டு. ஆங்கிலக் கட்டடக்கலைப் புத்தகங்களில் இந்தக் கூரைக்கு 'வேகன்' கூரை, அதாவது வண்டிக் கூரைன்னே பேர் வெச்சிருக்காங்க. உத்தரத்தின் முனை, சட்டத்தின் விளிம்பு எல்லாம் கல்லில் இருக்கு. மரத்தில் தேவைப்பட்டது, கல்லில் அலங்காரமாக நின்னுடுச்சு.

ஆக, மரவேலையைப் பார்த்து கல்லில் காப்பி அடிச்சாங்க. காப்பிக்கு உலகப் புகழ் கிடைச்சுது; 1984ல் யுனெஸ்கோ பட்டியலில் இடமும் கிடைச்சுது. ஒரிஜினல் என்ன ஆச்சு? இந்தப் பதிவு அந்த ஒரிஜினலைப் பத்தி. குறிப்பா, மரத்துல சக்கரமும் வண்டியும் செஞ்சவங்களைப் பத்தி. கோயில், கல்வெட்டு, ராஜா ராணி மட்டும்தான் வரலாறுன்னு நினைக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம்.

தச்சன்னா யாரு?

ஓ.எம்.ஆர். ரோட்டைப் பிடிச்சு தெற்கே போங்க. நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களோட கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் சிறுசேரியோட ஓயும். அப்புறம் கேளம்பாக்கம், திருப்போரூர், கடைசியா பூஞ்சேரி. 2022ல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அதே பூஞ்சேரி. அங்க 'நொண்டி வீரப்பன் தொட்டி'ன்னு ஒரு இடம் இருக்கு. அந்தப் பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டியிருக்கு. ராஜா பெயர் இல்லை. வேலை செஞ்சவங்க பெயர். அதுல ரெண்டு பெயர் என்னை ரொம்ப இழுத்துது: கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன்.

கல் செதுக்கின இடத்துல 'தச்சன்' எதுக்கு, 'கொல்லன்' எதுக்கு?

தச்சன்னா இன்னைக்கு நமக்கு மரவேலை செய்யறவர். ஆனா கல் வேலை செய்யறவரையும் கல்தச்சர்னுதான் சொல்றோம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பிக்கு கல்வெட்டில் இருக்கும் பெயர் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன். மரத்துக்கு இருந்த சொல்லைத்தான் கல்லுக்கும் தூக்கிட்டுப் போயிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. கொல்லன் எதுக்குன்னா, கருங்கல்லுல உளி அடிச்சா சீக்கிரமே முனை மழுங்கிடும். காய்ச்சி அடிச்சுத் தீட்டிக்கொடுக்க பக்கத்துலயே உலைக்களம் வேணும். தச்சனும் கொல்லனும் ஜோடி. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தருக்கு வேலை ஓடாது.

இந்த ஜோடியை மனசுல வெச்சுக்கோங்க. சக்கரத்துக்கு வரும்போது மறுபடி வருவாங்க.

உப்பு லாரிகள்

இந்தக் கடற்கரையில் சக்கரம் எதுக்கு ஓடுச்சு? முதல் காரணம் உப்பு. கடலோரத்துல உப்பு விளையும், உள்நாட்டுல நெல் விளையும். ரெண்டையும் மாத்திக்கணும்னா வண்டி வேணும். சங்க காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் உமணர்கள். இன்றைய பாஷையில் சொன்னா, குடும்பத்தோட லாரியில் வாழ்ந்த டிரான்ஸ்போர்ட் பார்ட்டிகள்.

நம்ம அதிர்ஷ்டம், பத்துப்பாட்டில் ரெண்டு பாட்டு இந்த வட்டாரத்தையே சுத்தி வருது. ஒண்ணு பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அதில் வரும் நீர்ப்பெயற்று என்கிற துறைமுகம் மாமல்லபுரமாகவோ அதன் பக்கமாகவோ இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கலங்கரை விளக்கம்கூட அந்தப் பாட்டில் உண்டு.

அதே பாட்டில் ஒரு உமணர் வண்டி வருது பாருங்க, கேமரா வெச்சு எடுத்த மாதிரி. சக்கரத்தின் குடம் முழவு மாதிரி இருக்குன்னு சொல்றார். ஆரக்கால், விளிம்புக் கட்டை எல்லாத்தையும் தனித்தனியா சொல்றார். வண்டியில் கோழிக்கூடு இருக்கு, சின்ன உரல் தொங்குது, காடி ஊத்தின பாத்திரம் தொங்குது. கைக்குழந்தையோட ஒரு பெண் மாட்டை ஓட்டுறாள். ஒரு வீடே உருண்டு போகுது.

இன்னொண்ணு சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடியது, தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். ஓய்மாநாடுன்னா திண்டிவனம் பக்கம். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்னு சொல்றாங்க. மரக்காணத்துல இன்னைக்கும் உப்பளம் இருக்கு. பாணனுக்கு அவன் பரிசாகத் தரும் தேரை வர்ணிக்கும்போது புலவர் சக்கரத்துக்கு வந்து நிக்கிறார். கூர்மையான உளி ஆழமாக வெட்டின தழும்பு உள்ள குடம், அதைச் சுத்தி ஆரக்கால், அதுக்கு வெளியே இரும்பு முகம் உள்ள விளிம்பு. மூணே வீச்சுல மொத்த டிசைனும் முடிஞ்சுது. உளித் தழும்புன்னா தச்சன். இரும்பு விளிம்புன்னா கொல்லன். நம்ம ஜோடி ஆஜர்!

புறநானூற்றில் ஔவையார் ரெண்டு இடத்துல பின்னிட்டாங்க. 102ஆம் பாட்டில், மேடு பள்ளம் எப்ப வரும்னு தெரியாத வழியில் போகிற உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் சேம அச்சு மாதிரி என்று அதியமானின் மகனைப் புகழ்கிறார். சேம அச்சுன்னா வேற ஒண்ணுமில்லை, ஸ்டெப்னி! 'நீ எங்க ஸ்டெப்னிடா'ன்னு இன்னைக்கு ஒரு தலைவர்கிட்ட சொல்லிப் பாருங்க, என்ன நடக்கும்னு. :-)

87ஆம் பாட்டு இன்னும் அழகு. ஒரு நாளைக்கு எட்டு தேர் செய்யக்கூடிய திறமை உள்ள தச்சன், ஒரு மாசம் உக்காந்து ஒரே ஒரு சக்கரம் செஞ்சா எப்படி இருக்கும்? அதியமான் அப்படிப்பட்டவன். வேகமா செய்யத் தெரிஞ்சவன் மெதுவா செஞ்ச பொருள். டெட்லைன் டெட்லைன்னு சாகுற நம்ம எல்லாருக்கும் இந்தப் பாட்டை பிரேம் போட்டு மேசையில வைக்கணும்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? புகழ் அதியமானுக்கு. அந்தத் தச்சன் பேர் என்ன? தெரியாது. உவமையில் வந்தான், போய்ட்டான்.

ஒரு சக்கரம் எப்படிப் பிறக்குது

நான் படிச்சது மெக்கானிக்கல். பார்க்கிற வேலைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா சக்கரம் செய்யறதைப் பத்தித் தேட ஆரம்பிச்சப்ப, நாலு வருஷம் மக்கடிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வந்த மாதிரி இருந்துச்சு.

திருக்கழுக்குன்றம் போற வழியில ஒரு கிராமத்துல, எழுபதைத் தாண்டின ஒரு ஆசாரியாரைப் பார்த்தேன். இப்ப கதவு, ஜன்னல்தான் செய்யறார். "சக்கரம் செஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு தம்பி. கேக்கிற ஆளே வரலியே"ன்னார். ஆனா கேட்டதும் கை தானா காத்துல வட்டம் போட ஆரம்பிச்சுடுச்சு. அவர் சொன்னதையும் நான் படிச்சதையும் சேர்த்து எழுதறேன்.

முதல்ல குடம். சக்கரத்தோட நடு. கருவேலம் மாதிரி கெட்டியான மரத்தோட வைரம் பாய்ஞ்ச துண்டு. நல்லா காய்ஞ்சிருக்கணும், ஈரம் இருந்தா பின்னாடி வெடிக்கும். சங்கப்பாட்டுல சொன்ன மாதிரியே மத்தள வடிவம். அதைச் சுத்தி ஆரக்கால் இறங்கறதுக்குத் துளைகள். நம்ம பக்கம் பெரிய வண்டிக்கு பெரும்பாலும் 12. பன்னிரண்டும் ஒரே சாய்வுல, ஒரே ஆழத்துல இருக்கணும். ஒரு துளை கோணலானா சக்கரம் முழுசும் ஆட்டம் காட்டும்.

ரெண்டாவது ஆரக்கால். மரத்தோட நார் நீளவாக்கில் ஓடணும். குறுக்கே நார் ஓடினா பாரம் ஏறும்போது மளுக்.

மூணாவது வட்டை. வெளி விளிம்பு. ஒரே மரத்தை வளைச்சு வட்டம் பண்றதில்லை. வில் மாதிரி வெட்டின துண்டுகளைக் கோத்து வட்டம் ஆக்குறாங்க. ஒரு துண்டுக்கு ரெண்டு ஆரக்கால், மொத்தம் 6 துண்டு. கருவேலமோ வாகையோ பூவரசோ. கடலோரத்துல பூவரசு தாராளமா வளரும்.

ஏன் 6? இங்கதான் எனக்கு சிலிர்த்துடுச்சு. ஒரு வட்டத்தோட ஆரம் எவ்வளவோ, அதே அளவை விளிம்பு மேல வெச்சு அடியெடுத்து வெச்சுக்கிட்டே போனா சரியா 6 அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துடுவோம். ஸ்கூல்ல காம்பஸ் வெச்சு ஆறு இதழ் பூ வரைஞ்சிருப்பீங்களே, அதே கணக்கு. கையில ஒரு கயிறும் ஒரு ஆணியும் இருந்தா போதும். வட்டம் போடற கயிறே அளவுகோல். பாகைமானி வேணாம், பை வேணாம். ஒவ்வொரு துண்டையும் பாதியாக்கினா 12 ஆரக்காலுக்கு இடம் ரெடி. ஆசாரியார்கிட்ட அறுகோணம்னு நான் சொன்னப்போ சிரிச்சார். "அதுக்கு பேர் எல்லாம் தெரியாது தம்பி. கயிறு பொய் சொல்லாது, அவ்ளோதான்."

இது வரைக்கும் ஆணி கிடையாது, பசை கிடையாது. எல்லாம் நாக்கும் துளையும்தான். அப்படியே விட்டா நாலு மைல் போறதுக்குள்ள கழண்டுடும். இப்பதான் கொல்லர் உள்ள வரார்.

நாலாவது பட்டா. சக்கரத்துக்கு மேல மாட்டுற இரும்பு வளையம். இதோட சூட்சுமம், வளையம் சக்கரத்தை விட கொஞ்சம் சின்னதா இருக்கணும். சின்ன வளையம் பெரிய சக்கரத்துல எப்படி ஏறும்? வரட்டியை வட்டமா அடுக்கி, நடுவுல வளையத்தை வெச்சு, காயக் காய எரிக்கிறாங்க. இரும்பு விரியுது. நாலு பேர் நாலு பக்கம் இடுக்கியால தூக்கி, தரையில படுக்க வெச்ச சக்கரத்து மேல இறக்குறாங்க. மரம் புகைஞ்சு பத்திக்கும். சுத்தியால தட்டி உக்கார வெச்ச கையோட தண்ணி, குடம் குடமா. ஆவி மேல கிளம்பும். இரும்பு சுருங்குது. சுருங்க சுருங்க வட்டை, ஆரக்கால், குடம் எல்லாத்தையும் நடுவை நோக்கி நெரிக்குது. மர இணைப்பு ஒவ்வொண்ணும் மடக் மடக்குனு இறங்குற சத்தம் கேக்குமாம். அந்தச் சத்தம் நின்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

காலேஜ்ல இதுக்கு 'ஷ்ரிங்க் ஃபிட்'னு பேர். ரயில் இன்ஜின் சக்கரத்துல எஃகு வளையம் மாட்டினதும் இதே முறைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 அடி விட்டமுள்ள சக்கரத்துக்கு சுற்றளவு சுமார் 4.8 மீட்டர். இரும்பு ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 500 டிகிரி ஏத்தினா கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்துக்கு கொஞ்சம் மேல. கொல்லர் வளையத்தை எவ்வளவு சின்னதா அடிக்கணும்ங்கிறது இந்த ஒரு அங்குலத்துக்குள்ள முடிஞ்சு போகுது. ரொம்ப சின்னதானா ஏறாது, ஏறினாலும் ஆரக்காலை நசுக்கிடும். கொஞ்சம் பெருசானா பிடிக்காது. தெர்மாமீட்டர் கிடையாது, இரும்பு சிவக்கிற நிறம்தான் தெர்மாமீட்டர்.

அப்புறம் அச்சு. ஊர்ல இருசுன்னு சொல்வாங்க. அதோட முனையில் சக்கரம் கழண்டு ஓடாம இருக்க ஒரு கடையாணி. இத்தனூண்டு சாமான். ஆனா உருவத்தைப் பார்த்து யாரையும் இகழாதேன்னு சொல்ல வள்ளுவர் எடுத்தது இந்த ஆணியைத்தான். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு பழமொழியும் இருக்கு. உராய்வுக்கு வண்டி மை: வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைச்சது.

ஏன் இவ்வளவு பெரிய சக்கரம்? ரெண்டு காரணம். சக்கரம் பெருசா இருந்தா மணல்லயும் வரப்புலயும் லேசா ஏறி இறங்கும். இன்னொண்ணு, அச்சுல உராயற விசையை மாடு சக்கரத்தோட விளிம்பு வழியாத்தான் வெல்லுது. அச்சு 2 அங்குலம், சக்கரம் 60 அங்குலம்னா, அந்த உராய்வு மாட்டுக்கு 30ல் ஒரு பங்காத்தான் தெரியும். சின்ன சக்கரம் போட்டா செலவு மிச்சம், ஆனா மாட்டோட முதுகு காலி.

கோடையில மரம் காய்ஞ்சு சுருங்கினா பட்டா லூஸ் ஆகும். அப்ப வண்டியைக் குளத்துல இறக்கி ஊற வைப்பாங்க; மரம் ஊதி மறுபடி இறுகும். மெயின்டெனன்ஸ் மேனுவல் இல்லாமலே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

களத்துமேட்டு ஏ.எம்.சி.

இவ்வளவு வேலை செஞ்சவங்களுக்கு கூலி எப்படி வந்துச்சு? இங்கதான் செங்கல்பட்டுக்கு ஒரு தனி அதிர்ஷ்டம்.

1763ல் ஆற்காட்டு நவாப்பிடமிருந்து செங்கல்பட்டு வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. வருமானம் எவ்வளவு தேறும்னு தெரிஞ்சுக்க தாமஸ் பர்னார்டு என்கிற இன்ஜினியரை வெச்சு 1767லிருந்து 1774 வரைக்கும் சர்வே எடுத்தாங்க. சுமார் 2,000 ஊர்கள். எந்த ஊரில் எத்தனை வீடு, யார் என்ன தொழில், எவ்வளவு நிலம், விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு, எல்லாம். ஊர்க் கணக்கர்களின் மூல ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கு. காந்தியரான தரம்பால் இந்த ஆவணங்களைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையம் இதில் பல வருஷம் உழைச்சு, நம்ம ஓ.எம்.ஆர். திருப்போரூரோட 18ஆம் நூற்றாண்டுக் கணக்கையே தனிப் புத்தகமா போட்டிருக்கு.

அந்தக் கணக்குகள் காட்டுற முறை இதுதான். களத்துமேட்டுல நெல்லை அளக்கும்போது, அரசாங்கத்துக்கும் உழுதவனுக்கும் பிரிக்கிறதுக்கு முன்னாடியே, ஊருக்கு உழைக்கிறவங்களுக்கும் கோயில் போன்ற பொதுக் காரியங்களுக்கும் பங்கு எடுத்து வெச்சுடுவாங்க. கணக்கர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர்னு அந்தப் பட்டியல் நீளும். விளைச்சலில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிப் பிரிந்து போனதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். சிலருக்கு வரியில்லாத மானிய நிலமும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் தச்சக்காணின்னே ஒரு வார்த்தை இருக்கு. தச்சருக்கு விட்ட நிலம்.

நம்ம பாஷையில் இது ஆனுவல் மெயின்டெனன்ஸ் கான்ட்ராக்ட். உடைஞ்சா வந்து காசு வாங்கிட்டுப் போற ஆள் இல்லை. உடையாம பார்த்துக்கறதுக்கு வருஷா வருஷம் பங்கு. உழவு நடந்தாத்தான் தச்சருக்கும் கொல்லருக்கும் நெல். அதனால ஏர் நல்லா இருக்கணும்ங்கிறது அவங்களோட கவலையும்தான்.

பொற்காலம்னு சொல்ல வரலை. அந்த முறையில் யார் பிள்ளை யார் தொழிலைச் செய்யணும்னு பிறப்பே முடிவு பண்ணுச்சு. வயலில் அதிகம் உழைச்ச கடைசி வரிசை ஜனங்களுக்குக் கிடைச்சது கொஞ்சம். அதை எல்லாம் மறைச்சுட்டு 'ஆஹா அந்தக் காலம்'னு எழுதினா அது வரலாறு இல்லை, காலண்டர் படம். ஆனா ஒரு விஷயம் உண்மை. மெதுவா, நல்லா செய்யறதுக்கு ஒரு கைவினைஞனுக்கு அவகாசம் வேணும். ஔவையார் சொன்ன அந்த ஒரு மாசத்துக்கு யாரோ சோறு போடணும். அந்தச் சோறு களத்துமேட்டுலேர்ந்து வந்துச்சு. நில வரி பணமா மாறி, பங்கு முறை கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சப்போ, அந்த அவகாசமும் போச்சு.

வண்டி குடை சாய்ந்த கதை

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்னு சொல்வாங்க. இந்தக் கடற்கரையில் அது நிஜமாவே நடந்துச்சு. 19ஆம் நூற்றாண்டில் துண்டு துண்டா வெட்டி இணைச்ச பக்கிங்காம் கால்வாய் ஆந்திரத்திலிருந்து சென்னை, கோவளம், மாமல்லபுரம் வழியா மரக்காணம் வரைக்கும் வந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையா பெரிய பகுதி வெட்டினாங்க. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபுவோட பேர் நின்னுடுச்சு. உப்பும் விறகும் படகில் போச்சு. ஆனா இதனால வண்டி சாகலை. படகு கரையில இறக்கினதை ஊருக்குள்ள கொண்டு போக வண்டி வேணும். ரயில் வந்தப்பவும் அதே கதை. ஸ்டேஷனுக்கு நெல் மூட்டை வண்டியில்தான் வரணும்.

மரச் சக்கரத்தை உண்மையில் ஓரங்கட்டினது ரப்பர். டன்லப் கம்பெனி மாட்டு வண்டிக்குன்னே காத்தடிச்ச டயர் போட்டுச்சு. அம்பத்தூர்லயே அவங்க தொழிற்சாலை இருந்தது. 'டயர் வண்டி'க்கு ஊர்ல டன்லப் வண்டின்னே பேர் ஆயிடுச்சு. தார் ரோட்டுல அதே மாடு அதிக பாரம் இழுக்கும், குலுங்காது, ரோட்டையும் அறுக்காது. மாட்டுக்கும் நல்லது. ஐ.ஐ.எம். பெங்களூரின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ்.ராமசாமி, மாட்டு வண்டியை நவீனமாக்கணும்னு வாழ்நாள் முழுக்க பேசினார். கார்ட்மேன்னு ஒரு அமைப்பே தொடங்கினார். ரயில்வேக்கும் லாரிக்கும் போற ஆராய்ச்சிப் பணத்துல ஒரு துளி கூட மாட்டு வண்டிக்கு வரலைங்கிறது அவர் ஆதங்கம். அப்புறம் டிராக்டர் வந்துச்சு. வண்டியே போச்சு, டயராவது சக்கரமாவது.

இதுல யாரையும் திட்டறதுக்கு இல்லை. விவசாயி டயர் போட்டது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

கோயில் தேருக்கும் இதேதான். பழைய மரச் சக்கரத்துக்குப் பதிலா பல பெரிய தேர்களுக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு கொடுத்திருக்கு. விபத்து குறையணும்னா வேண்டியதுதான். முன்னாடி தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில கட்டையைச் செருகுவாங்க. அதுக்குப் பேர்தான் முட்டுக்கட்டை. பிரேக் வந்த பிறகும் நம்ம ஆபீஸ்ல தினம் யாராவது ஒருத்தர் முட்டுக்கட்டை போட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க. :-)

கல்லுக்கு ஒரு கல்லூரி

இப்ப ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வரேன். ஒரே 'தச்சன்' என்ற சொல்லுக்குக் கீழே ரெண்டு வேலை. கல் வேலை நின்னுச்சு, சக்கர வேலை போச்சு. ஏன்?

கல்லில் திறமை அதிகம், மரத்தில் கம்மிங்கிறதில்லை. கல்லுக்கு 1957ல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக்கலைப் பள்ளி வந்துச்சு. இப்ப அது கல்லூரி. வள்ளுவர் கோட்டத்தையும் குமரி முனை வள்ளுவர் சிலையையும் உருவாக்கிய கணபதி ஸ்தபதி அதை வழிநடத்தியவர். பாடத்திட்டம், வகுப்பு, பட்டம் எல்லாம் வந்துச்சு. கோயில்கள் தொடர்ந்து ஆர்டர் கொடுத்தன. 2015ல் உலக கைவினைக் கவுன்சில் மாமல்லபுரத்தை கற்சிற்ப நகரமா அறிவிச்சுது. 2017ல் புவிசார் குறியீடும் வந்தது. மரத்துலயும் சாமி சிற்பம் செய்யறவங்களுக்குக் கொஞ்சம் கிடைச்சுது; பெரம்பலூர் பக்கம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020ல் புவிசார் குறியீடு.

சாமிக்கு செஞ்சது தப்பிச்சுது. மாட்டுக்கும் உப்புக்கும் செஞ்சது தப்பிக்கலை. இதான் என் முடிவு. எந்தக் கலை நிக்கும்ங்கிறதை அழகு மட்டும் தீர்மானிக்கறதில்லை. யார் சோறு போட்டாங்க, யார் எழுதி வெச்சாங்கங்கிறதும் தீர்மானிக்குது.

இங்கிலாந்துலயும் மரச் சக்கரம் போச்சு. ஆனா அங்க ஜார்ஜ் ஸ்டர்ட்னு ஒருத்தர் இருந்தார். ஸ்கூல் வாத்தியார். 1884ல் அப்பா இறந்ததும் ஃபார்னம் ஊர்ல இருந்த குடும்பப் பட்டறையை ஏத்துக்கிட்டார். தன்கிட்ட வேலை செஞ்ச தச்சர்களுக்கு என்னென்ன தெரியும்னு கவனிச்சுக் கவனிச்சு, 1923ல் 'சக்கரத் தச்சரின் பட்டறை'ங்கிற அர்த்தத்துல ஒரு புத்தகம் போட்டார். தொழில் போச்சு, ஆனா அறிவு போகலை. நூறு வருஷம் கழிச்சும் அதைப் படிச்சுப் பாடம் கத்துக்கறாங்க.

நம்ம துறையில இது எல்லாருக்கும் தெரிஞ்ச சோகம்தான். டாக்குமென்டேஷன் இல்லாத கோடு. எழுதினவர் ரிசைன் பண்ணிட்டுப் போனதுக்கு அப்புறம் அந்த ஃபைலைத் திறக்கவே பயமா இருக்கும். இங்க ரிசைன் பண்ணினவங்க ரெண்டாயிரம் வருஷமா டெலிவரி கொடுத்தவங்க.

அதனால ஒரு சின்ன விண்ணப்பம். சக்கரம் செய்யணும்னு இல்லை, வார்த்தைகளையாவது காப்பாத்தலாம். சங்கப் பாட்டுல குறடு, இப்ப குடம். அங்க சூட்டு, இங்க வட்டை. செங்கல்பட்டு பக்கம் கிடைச்ச சொற்களைத்தான் நான் எழுதியிருக்கேன். கோவை, நெல்லை, தஞ்சை, யாழ்ப்பாணம் பக்கம் வேற இருக்கும். உங்க ஊர்ல வயசான ஆசாரியாரோ வண்டிக்காரத் தாத்தாவோ இருந்தா, அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் உக்காந்து கேளுங்க. சக்கரத்தோட ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பேர், என்ன மரம், எத்தனை ஆரக்கால், பட்டா எப்படி மாட்டுவாங்க. பின்னூட்டத்துல போடுங்க, ஊர் வாரியா தொகுத்து அடுத்த பதிவா போடறேன். முக்கியமா, அவங்க சம்மதிச்சா பேரையும் கேட்டு எழுதுங்க.

கேவாத பெருந்தச்சனுக்குப் பாறை கிடைச்சுது. சக்கரம் செஞ்சவருக்கு ஒரு வரியாவது கிடைக்கட்டும்.